பலகை மாறினும் கப்பல் அதுவே

நுழையும்முன்

ஒரு மொழியில் எழுந்த இலக்கியத்தை மற்றொரு மொழியில் பெயர்ப்பது போலவே, கணினி நிரலையும் ஒரு நிரல்மொழியிலிருந்து மற்றொரு நிரல்மொழிக்கு மாற்றலாம். இலக்கியப் பெயர்ப்பு நிறைவுறும்வரை படிப்பவர் காத்திருப்பர். நாள்தோறும் பயன்படும் மென்பொருளோ ஒருநாளும் நிற்கலாகாது. பயன்பாட்டில் உள்ள கருவி ஒன்றை முழுவதும் புதிய மொழியில் எழுதுவது எங்ஙனம்? ஃபிஷ் என்னும் மென்பொருளின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

கட்டளை கேட்கும் கருவி

கணினியில் சுட்டியால் சொடுக்கி வேலை வாங்குவது ஒரு முறை. கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்குவது மற்றொரு முறை. இரண்டாம் முறையில், பயனருக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று கட்டளையைப் பெற்று நிறைவேற்றும் மென்பொருள் 'ஷெல்' எனப்படும். லினக்ஸ், மேக் முதலிய இயங்குதளங்களில் செயல்படும் ஷெல்களுள் ஒன்று ஃபிஷ். இதனை ஆக்செல் லில்யென்கிரான்ட்ஸ் 2005ஆம் ஆண்டு வெளியிட்டார். சி மொழியில் தோன்றிய இது, பின்னர் சி++ மொழிக்கு மாறியது. சில எழுத்துகளைத் தட்டியதுமே முழுக் கட்டளையையும் மங்கலாகக் காட்டுவதும், பிழையான கட்டளையை வேறு நிறத்தில் காட்டி எச்சரிப்பதும் இதன் சிறப்புகள். இதன் மூலநிரல் அனைவருக்கும் திறந்திருக்கிறது. தன்னார்வலர்களே இதனைப் பேணி வளர்க்கின்றனர்.

மாற்றம் ஏன்?

சி++ ஆற்றல் மிக்க மொழி. எனினும், கணினியின் நினைவகத்தைக் கையாளும் பொறுப்பில் பெரும்பகுதியை அது நிரலாளரிடமே விட்டுவிடுகிறது. ஃபிஷ், பயனர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் பரிந்துரைகளைத் தேடுகிறது. இவ்வாறு ஒரே நேரத்தில் நிகழும் இரு செயல்கள் ஒரே தரவைத் தொட நேர்ந்தால், நிரல் தடுமாறி நின்றுவிடக்கூடும். இத்தகைய பிழைகள் எளிதில் கண்ணில் படுவதில்லை.

2015ஆம் ஆண்டு முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழி, இச்சிக்கலை வேரிலேயே களைய முயல்கிறது. அதில் ஒவ்வொரு தரவுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. ஒரு பகுதி தரவை மாற்றிக்கொண்டிருக்கும்போது வேறு பகுதி அதனைத் தொடலாகாது. இவ்விதி மீறப்பட்டால், நிரல் இயங்குவதற்கு முன்பே மொழி அதனை ஏற்க மறுத்துவிடும்.

மற்றொரு காரணம் மனிதரைப் பற்றியது. புதியவர்கள் வாராத தன்னார்வப் பணி காலப்போக்கில் தேய்ந்துவிடும். சி++ நிரலை விரும்பி எழுத முன்வருவோர் அரிதாயினர். ரஸ்ட் கற்க ஆர்வம் கொண்டோர் பெருகினர்.

எச்சரிக்கும் வரலாறு

முழுவதும் புதிதாக எழுதும் முயற்சி இடர் நிறைந்தது. 1997ஆம் ஆண்டு தன் நான்காம் பதிப்பை வெளியிட்ட நெட்ஸ்கேப் இணைய உலாவி, 1998இல் தன் மூலநிரலைத் திறந்து வைத்தது. பழைய நிரலைப் பெரும்பாலும் கைவிட்டுப் புதிதாக எழுதும் முடிவும் அவ்வாண்டே எடுக்கப்பட்டது. ஐந்தாம் பதிப்பு வெளிவரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000ஆம் ஆண்டு நவம்பரில்தான் வந்தது. அதற்குள் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முன்னணிக்கு வந்துவிட்டது.

பழைய நிரலில் பொருளற்றது போலத் தோன்றும் வரி, என்றோ ஒரு பயனர் கண்டு சொன்ன பிழைக்குரிய தீர்வாக இருக்கலாம். பழையதைத் தூக்கி எறிபவர், பல்லாண்டுப் பட்டறிவையும் உடன் எறிந்துவிடும் வாய்ப்பு உண்டு.

ஒவ்வொரு பலகையாக

ஃபிஷ் குழுவின் தலைமைப் பராமரிப்பாளர் பீட்டர் அம்மோன், 2023 ஜனவரியில் ரஸ்ட் மாற்றத்தை முன்மொழிந்தார். கிரேக்க மரபில் தீசியஸின் கப்பல் பற்றிய புதிர் ஒன்று உண்டு. உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி, இறுதியில் எல்லாப் பலகைகளும் புதியனவான பின்னும் அது அதே கப்பல்தானா என்பதே அப்புதிர். ஃபிஷ் குழு தன் பணியை அக்கப்பலோடு ஒப்பிட்டது.

ஒரு நேரத்தில் ஒரு பகுதி ரஸ்ட் மொழிக்கு மாற்றப்பட்டது. எஞ்சிய சி++ பகுதிகளும் புதிய ரஸ்ட் பகுதிகளும் ஒரே நிரலுக்குள் இணைந்து இயங்கின. உருவாக்குநர்கள் இக்கலப்பு வடிவைத் தாமே பயன்படுத்திப் பார்த்தனர். பொதுப் பயனர்க்குப் பழைய சி++ பதிப்பே தொடர்ந்து கிடைத்தது. பெயர்க்கும்போது புதுமை சேர்க்கும் ஆசையை அடக்கி, பழைய அமைப்பையே முதலில் பின்பற்றினர். இன்ன கட்டளைக்கு இன்ன விளைவு வரவேண்டும் எனச் சரிபார்க்கும் சோதனைகள் முன்பே இருந்தன. நிரல் எம்மொழியில் எழுதப்பட்டது என்பதை அவை பார்ப்பதில்லை. விளைவை மட்டுமே பார்க்கும். ஆதலால், அவை மாற்றத்துக்கு உரைகல்லாயின.

இழப்பும் பேறும்

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சி++ நிரல் முழுவதும் நீங்கியது. 2025 பிப்ரவரியில் ஃபிஷ் 4.0 வெளிவந்தது. ஏறத்தாழ 57,000 வரிகளில் அமைந்திருந்த நிரல் 75,000 வரிகளாயிற்று. 200க்கும் மேற்பட்டோர் பங்களித்திருந்தனர். இழப்பும் இல்லாமல் இல்லை. விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகளை இயக்க உதவும் சிக்வின் சூழலுக்கு அப்போது ரஸ்ட் ஆதரவு இல்லாமையால், அதன் பயனர்கள் புதிய பதிப்பைப் பெற இயலவில்லை.

எனினும், ஏனையோர் தம் பழக்கம் மாறாமல் பணியைத் தொடர முடிந்தது. கருவியின் உயிர் அதன் வரிகளில் இல்லை. பயனர் அதன்மீது வைத்த நம்பிக்கையில் இருக்கிறது. அந்நம்பிக்கையைக் காத்து, அடுத்த தலைமுறை நிரலாளர் ஏற்கும் வடிவில் கருவியை ஒப்படைப்பதே மறுஆக்கத்தின் பயன்.

தெரிந்து தெளிவோம்

யூனிக்ஸ் இயங்குதளம் முதலில் பொறிமொழிக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1973ஆம் ஆண்டு அதனைச் சி மொழியில் மீண்டும் எழுதினர். அதனால், வெவ்வேறு வகைக் கணினிகளுக்கு யூனிக்ஸைக் கொண்டுசெல்வது எளிதாயிற்று.

கற்பவை கற்றபின்

1. நெட்ஸ்கேப், ஃபிஷ் ஆகியவற்றின் மறுஆக்க முறைகளை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.
2. 'எல்லாப் பலகைகளும் மாறிய பின்னும் அது அதே கப்பல்தான்' என்னும் கருத்தை ஆதரித்தும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.