501-ஆவது யூனிட்டின் விலை

மின் கட்டணம் பற்றிப் பேச்செடுத்தால் கூடங்குளத்தில் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "கரண்டு நம்ம ஊர்லதான் தயாராகுது, பிறகு நமக்கும் ஏன் இந்த விலை?" முதல் அணு உலை 2013 அக்டோபரில் மின் தொகுப்பில் இணைந்தது. இரண்டாவது, 2017-இல் வணிக உற்பத்திக்கு வந்தது. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். ஆனால் அந்த மின்சாரம் நம் தெருவுக்கென்று தனிக் கம்பியில் வருவதில்லை. பொதுத் தொகுப்பில் கலந்துவிடுகிறது. வீட்டுக் கட்டணத்தை மாநில ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. சென்னைக்கும் இடிந்தகரைக்கும் ஒரே விலைதான். ஆகவே உலையை விட்டுவிட்டு, நம் வீட்டு மீட்டரைப் பார்ப்போம்.

2024 ஜூலையில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம் (2025 ஜூலை உயர்வு வீடுகளுக்குப் பொருந்தாது என்று அரசு அறிவித்தது). இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை ஓடினால் முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய்; 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 6.30. மொத்தம் 1,805 ரூபாய். சரி, 501 ஓடினால்? கூடுதலாக 8.40 ரூபாய் வரும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அட்டவணையே வேறு. அதில் 2.35 என்ற படியே கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாம் 4.70. பில் 2,048.40 ஆகிவிடும். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! 2022 செப்டம்பருக்கு முன்பு இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தது: 500-க்கு 1,130 ரூபாய், 501-க்கு 1,786.60.

அதிகம் எரிப்பவர் வசதியானவர் என்ற எண்ணத்தில் போட்ட படிகள் இவை. நம் தெருக்களில் அந்தக் கணக்கு பாதிதான் சரி. உம்மா, வாப்பா, மூன்று மகன்மாரின் குடும்பங்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மீட்டரில் இருக்கும் வீடு எளிதில் 500-ஐத் தாண்டும். ஏசி போட்டுக்கொண்டு தனியாக இருக்கும் இருவர் தாண்டாமல் இருந்துவிடலாம்.

படி எங்கே மாறுகிறது என்று மக்கள் கவனிப்பதில்லை என்பது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. கொய்ச்சிரோ இட்டோ என்ற பொருளாதார அறிஞர் தெற்குக் கலிபோர்னியாவின் மின் பில்களை ஆராய்ந்து 2014-இல் எழுதிய கட்டுரையும் இதையே காட்டியது. அங்குள்ளவர்களும் கடைசி யூனிட்டின் விலையைப் பார்த்து நடக்கவில்லை; சராசரி விலையைப் பார்த்தே நடந்தார்கள்.

இதனால் என்ன நஷ்டம்? ஒரு மின்விசிறியை வைத்தே பார்க்கலாம். பழைய விசிறி 75 வாட். தினமும் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். புது வகை பிஎல்டிசி விசிறி சுமார் 30 வாட்தான். நான்கு விசிறியை மாற்றினால் ஏறக்குறைய 130 யூனிட் மிச்சம். 250 யூனிட் ஓடும் வீட்டில் அதன் மதிப்பு 423 ரூபாய். 600 ஓடும் வீட்டிலோ 1,264 ரூபாய். அதே விசிறி, அதே மிச்சம், பலன் மூன்று மடங்கு. 2012-இல் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தபோது கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் வைத்தோமே, அது இன்னும் பல வீடுகளில் சும்மா சார்ஜ் ஏறிக்கொண்டு கிடக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள்.

எரிபொருள் விலை ஊரையே மாற்றும் என்பதற்கு வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை. 1973-இல் சுமார் 3 டாலராக இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய், 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. அந்தப் பணத்தில் வளைகுடாவில் கட்டடங்கள் எழுந்தன. வேலைக்கு நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கப்பலும் விமானமும் ஏறினார்கள். இங்கே மாடி வீடும் ஏசியும் வந்தது அந்தச் சம்பளத்தில்தான். 2016 ஜனவரியில் எண்ணெய் 30 டாலருக்கும் கீழே போனபோது வேலை இழந்து திரும்பியவர்களையும் நாம் அறிவோம். ஏசி மட்டும் சுவரில் அப்படியே இருக்கிறது.

நமக்கு அதிகம் கவலை தருவது வாடகை வீடுகள்தான். தனி மீட்டர் இல்லாத இடத்தில் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். 150 யூனிட்டுக்கு 1,200 ரூபாய். தன் பெயரில்லாவிட்டாலும் தனி மீட்டர் இருந்தால் அதே குடும்பம் கட்ட வேண்டியது 117 ரூபாய் 50 காசுதான். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு ராத்தாவுக்கு இந்த வித்தியாசம் எத்தனை நாள் கூலி என்று எண்ணிப் பாருங்கள். இலவச 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் அரசு கொடுப்பது. அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. உதவி கேட்டு வரும் குடும்பத்துக்கு மின் கட்டணத்தை ஒருமுறை கட்டிக் கொடுப்பதைவிட, வீட்டுக்காரரிடம் பேசித் தனி இணைப்பு வாங்கித் தருவதே மேல் என்பது நம் கருத்து. வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் ஜமாஅத்தார் இதற்கு முன்வர வேண்டும். முன்வைப்புத் தொகை சிரமமானால் நம்மிடம் சொல்லலாம்.

விண்ணப்பம் எழுத உதவி தேவைப்படுவோர் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். கடைசி இரண்டு பில்களையும், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணையும் கொண்டு வரவும். சொந்த மீட்டர் உள்ளவர்கள் கணக்கெடுத்த நாளிலிருந்து நாற்பதாம் நாள் மீட்டரைப் பாருங்கள். அதற்குள் 350 ஓடியிருந்தால், மீதி இருபது நாளில் 500-ஐத் தாண்டிவிடும்.