'வேண்டாம்' என்று சொல்லக் கற்றுக்கொடுப்பது

நியூ ஜெர்சியில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு பிகேவியர் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். எச்-4 விசாவில் வந்து, வேலை அனுமதி கைக்குக் கிடைத்ததும் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் நம் ஊர்ப் பெண்கள் பலர் என்னிடம் இந்த வேலையைப் பற்றி விசாரிக்கிறார்கள். பரீட்சை கஷ்டமா, சம்பளம் எப்படி, குழந்தைகள் அடிப்பார்களா என்று கேட்பார்கள். இவற்றுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காமல் விடுகிற ஒன்றைப் பற்றித்தான் நான் நிறையப் பேசுவேன். இங்கேயும் அப்படியே செய்கிறேன்.

பரீட்சைக்குப் பயப்பட வேண்டாம். 18 வயது நிறைந்து பள்ளிப்படிப்பை முடித்திருந்தால் போதும். 40 மணி நேரப் பயிற்சி, மேற்பார்வையாளர் முன்னால் செய்து காட்டும் ஒரு மதிப்பீடு, பின்னணிச் சோதனை, அப்புறம் 90 நிமிடத்தில் 85 கேள்விகள். தேறினால் ஆர்.பி.டி. என்ற சான்று கிடைக்கும். 2014 முதல் இருந்துவரும் ஏற்பாடு இது. குழந்தையை மதிப்பிட்டுத் திட்டம் போடுபவர் முதுகலை படித்த மேற்பார்வையாளர், பி.சி.பி.ஏ. என்பார்கள். நாம் வேலை பார்க்கும் நேரத்தில் மாதத்துக்குக் குறைந்தது 5 சதவீதமாவது அவருடைய மேற்பார்வை இருக்க வேண்டும் என்பது விதி. வேலையில் சேருவதற்கு முன்னால் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்: மேற்பார்வையாளர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை நேரில் வருவார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லும் இடத்தில் சேராதீர்கள். திட்டத்தை மாற்றும் அதிகாரம் நமக்குக் கிடையாது. மேற்பார்வையாளர் கைக்கெட்டாத இடத்தில் இருந்தால், பலிக்காத திட்டத்தையே நாமும் குழந்தையும் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்போம்.

சம்பளம் மணிக்கணக்கில்தான். குழந்தைக்குக் காய்ச்சல், குடும்பம் ஊருக்குப் போகிறது என்றால் பல இடங்களில் அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வீட்டு வரவு செலவைப் போடுங்கள்.

அடி விழும். கடியும் விழும். தொங்கட்டான் போடாதீர்கள், முடியை இறுக்கிக் கட்டுங்கள், தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், துப்பட்டாவைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். குழந்தை கையைக் கடித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுக்கும்போதுதான் தோல் கிழியும். இதையெல்லாம் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். கடித்த குழந்தைமேல் கோபம் வராமல் இருப்பதற்குத்தான் வேறொரு பயிற்சி வேண்டும். அந்தக் கடிக்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்கப் பழகினால் அந்தப் பொறுமை தானாக வந்துவிடும்.

யாரும் கேட்காத விஷயம் இதுதான்: இந்தக் குழந்தை 'வேண்டாம்' என்பதை எப்படிச் சொல்கிறது?

பேச்சு வராத குழந்தைக்கு 'வேண்டும்' என்று காட்ட ஏதோ ஒரு வழி இருக்கும். அம்மாவின் கையைப் பிடித்து ஃபிரிட்ஜுக்கு இழுத்துப் போகும். 'வேண்டாம்', 'போதும்', 'கொஞ்சம் நிறுத்து' என்பதற்கு வழி இருக்காது. அதனால் கத்தும், எறியும், தலையைச் சுவரில் மோதும். உடனே பெரியவர்கள் நிறுத்திவிடுவார்கள். குழந்தை அதிலிருந்து கற்றுக்கொள்வது, தலையை மோதினால்தான் இவர்களுக்குக் காது கேட்கிறது என்பதை.

எங்கள் வேலையில் மூன்று பத்தி போட்டு எழுதுவோம். முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதற்குப் பின்னால் குழந்தைக்கு என்ன கிடைத்தது. நடுப்பத்தியில் 'அடம் பிடித்தான்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'தரையில் படுத்தான், குதிகாலால் உதைத்தான், இரண்டு நிமிடம்' என்று எழுத வேண்டும். அதையும் நடந்த உடனே எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதினால், நமக்கு வலித்தது மட்டும்தான் எழுத்தில் வரும். இப்படி ஒரு வாரம் எழுதிவிட்டு முதல் பத்தியையும் மூன்றாம் பத்தியையும் சேர்த்துப் படித்தால் காரணம் தெரியத் தொடங்கும். பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: யாராவது கவனிக்க வேண்டும், ஒரு பொருள் வேண்டும், ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும், அல்லது அந்தச் செயலே உடம்புக்கு இதமாக இருக்கிறது. ஒரே அலறலுக்குக் காலையில் ஒரு காரணமும் மாலையில் இன்னொன்றும் இருக்கலாம்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு வயதுப் பையன், பேச்சில்லை. சின்ன மேசையில் உட்கார வைத்து மரப் புதிர்த் துண்டுகளைப் பொருத்தச் சொல்வோம். இரண்டு துண்டு பொருத்துவான். மூன்றாவதை எடுக்கும்போது தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறும், மூச்சு வேகமாகும். நான்காவதில் மேசை மேலிருப்பது எல்லாம் தரையில் கிடக்கும். பொறுக்கி வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால், குனிந்து தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வான். தாள்களைப் பார்த்த மேற்பார்வையாளர், இவன் தப்பிக்கத்தான் எறிகிறான் என்று முடிவு செய்தார். ஒரு அட்டை தயாரித்தோம். நிறுத்து என்று காட்டும் உள்ளங்கைப் படம், பின்னால் வெல்க்ரோ, மேசை ஓரத்தில் அவன் வலது கைக்கு எட்டும் இடம்.

சொல்லிக்கொடுத்தது இப்படித்தான். நான் எதிரில் உட்கார்ந்தேன். அவன் அம்மா அவனுக்குப் பின்னால். தோள் ஏறியதுமே, எறிவதற்கு முன்னால், அவர் ஒரு வார்த்தை பேசாமல் பையனின் கையைப் பிடித்து அட்டையை எடுக்க வைத்து, என் கையில் வைக்கச் செய்வார். அட்டை என் கையில் பட்ட கணமே "போதும்! சரி, போதும்" என்று சொல்லி, துண்டுகளை நகர்த்திவிட்டு அவனைப் போகவிடுவேன். பின்னால் இருப்பவர் பேசக் கூடாது என்பது முக்கியம். பேசினால் குழந்தை அவர் சொல்வதற்காகக் காத்திருக்கப் பழகிவிடும். கைப்பிடியின் பலத்தை நாளுக்கு நாள் குறைத்தோம். முழங்கையைத் தொட்டால் போதும் என்றானது. அப்புறம் அதுவும் தேவைப்படவில்லை.

ஒருநாள் தானாகவே அட்டையை எடுத்து நீட்டினான். அன்று பாடமே நடக்கவில்லை. உட்காருவான், அட்டையை நீட்டுவான், எழுந்து போவான். நான் ஒவ்வொரு தடவையும் விட்டேன். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, கேட்டதும் விட்டுட்டா இவன் எப்பத்தான் படிப்பான்?"

"இன்னைக்கு இதுதான் பாட்டி படிப்பு. அட்டையைக் கொடுத்தா விடுவாங்கன்னு முதல்ல அவனுக்கு நம்பிக்கை வரட்டும். நம்பிக்கை வந்துட்டா, 'இன்னும் ஒண்ணு, அப்புறம் போகலாம்'னு கேக்கலாம்."

அப்படியேதான் செய்தோம். நம்பிக்கை நிலைத்ததும் ஒரு துண்டு வைத்துவிட்டுப் போகலாம் என்று கேட்டோம், பிறகு இரண்டு. எறிவது கிட்டத்தட்ட நின்றுபோனது. மணிக்கட்டில் இருந்த காயம் ஆறியது. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று தெரிந்த பிறகு, முன்பு கட்டாயப்படுத்தி உட்கார வைத்ததைவிட அதிக நேரம் தானாக உட்கார்ந்தான். எட்வர்ட் காரும் மார்க் டூரண்டும் 1985-இல் வெளியிட்ட ஆய்வின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: கத்திப் பெறுவதையே கேட்டுப் பெறச் சொல்லிக்கொடுத்தால் கத்தல் குறையும். கேட்பதற்கான வழி, கத்துவதைவிடச் சுலபமாகவும் விரைவாகவும் பலன் தர வேண்டும். பத்து நிமிடம் வீறிட்டால் கிடைப்பது, அட்டையை நீட்டினால் ஒரு நொடியில் கிடைக்க வேண்டும்.

இன்னொன்றையும் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய வழி பலிக்காமல் போகும்போது குழந்தை அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். காசு போட்டும் பொருள் விழாத இயந்திரத்தை நாம் ஓங்கித் தட்டுவதில்லையா, அப்படி. இதைச் சொல்லாமல் விட்டால், மூன்றாவது நாள் அப்பா பயந்துபோய்க் குழந்தை கேட்டதைக் கொடுத்துவிடுவார். ஓங்கி அலறினால் கிடைக்கும் என்று குழந்தை புதிதாகக் கற்றுக்கொள்ளும். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தையிடம் இந்தக் கட்டத்தை மேற்பார்வையாளர் இல்லாமல் தொடவே கூடாது.

மேசை, அட்டை எல்லாம் வருவதற்கு முன்னால் பழக வேண்டும். பேரிங் என்பார்கள். முதல் நாட்களில் எதையும் கேட்காதீர்கள். 'இது என்ன கலர்?' என்றுகூடக் கேட்காதீர்கள். தரையில் உட்காருங்கள். குழந்தை கார்ச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கிறதா, நீங்களும் ஒரு காரை எடுத்துச் சுழற்றுங்கள். உங்களைக் கண்டதும் குழந்தை விலகிப் போகாமல் பக்கத்தில் வரும்வரை பாடத்தை ஆரம்பிக்க வேண்டாம். மணிக்குக் கட்டணம் கொடுக்கிற இன்சூரன்ஸ், முன்னேற்றத்தைக் கேட்கும் பெற்றோர் என்று நெருக்கடி இருக்கும். இருந்தாலும் இந்த நாட்களைச் சுருக்காதீர்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு என்று ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும் என்று பலருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் சில சமயம் மருத்துவராகவே இருக்கிறார். ஆட்டிசம் உள்ள இருமொழிக் குழந்தைகளைப் பார்த்த ஆய்வுகள் அப்படிப்பட்ட கெடுதலைக் காட்டவில்லை. ஆங்கிலம் சரளமாக வராத அம்மா அந்த அறிவுரையைக் கேட்டுக் குழந்தையிடம் பேச்சையே குறைத்துவிடுகிறார். பாட்டியோ வாயே திறப்பதில்லை. பேச்சை மிக அதிகமாகக் கேட்க வேண்டிய குழந்தைக்கு வீடு மௌனமாகிவிடுகிறது. மேற்பார்வையாளரிடம் பேசி, வீட்டில் புழங்கும் சொற்களையே திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தமிழ் தெரியாத மேற்பார்வையாளரும், விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் என் அனுபவம்.

அதே பாட்டிமார்கள்தான், "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போயேம்மா" என்பார்கள். தீபாவளிக்குப் புடவை எடுத்து வைத்திருப்பார்கள். எங்கள் நெறிமுறைப்படி 10 டாலருக்கு மேல் மதிப்புள்ள பரிசை வாங்கக் கூடாது. முதல் நாளே தன்மையாகச் சொல்லிவிட்டால் யார் மனமும் நோகாது. "இவன் பேசிடுவானா?" என்றும் கேட்பார்கள். பேசிவிடுவான் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது நமக்குத் தெரியாத விஷயம். இன்று அவன் புதிதாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். அதையும் குழந்தை பக்கத்தில் இருக்கும்போது அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். பேச்சு வராத குழந்தைக்குப் பேசுவது காதில் விழும்.

இந்தத் துறைக்கு ஒரு கறுப்புப் பக்கம் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும். 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் இவார் லோவாஸ் தொடங்கிவைத்த பயிற்சியில் அறைவதும் மின் அதிர்ச்சியும்கூட இருந்தன. ஆட்டிசம் இல்லாத குழந்தையைப்போல ஆக்கிக் காட்டுவதே அன்றைய குறிக்கோள். அப்படி வளர்க்கப்பட்டவர்கள் பலர் இன்று பெரியவர்களாகி, அது தங்களுக்கு என்ன செய்தது என்று எழுதுகிறார்கள். கையை உதறாதே, கண்ணைப் பார், சும்மா உட்கார் என்று நாள் முழுக்கக் கேட்டு, தங்கள் உடம்பையே மறைத்துக்கொள்ளப் பழகியதைச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் முழுமையாக நம்புகிறேன். கையை உதறும் குழந்தையின் கையை நான் பிடித்து நிறுத்துவதில்லை. அது யாரையும் காயப்படுத்தவில்லை. அந்தக் குழந்தைக்கு அது இதம். கண்ணைப் பார்த்தால்தான் பொம்மை தருவேன் என்று சொல்லும் இலக்கு திட்டத்தில் இருந்தால், ஏன் என்று மேற்பார்வையாளரிடம் கேட்கிறேன். குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டால், தள்ளிவிட்டால், எழுந்து போனால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

'வேண்டாம்' சொல்லத் தெரிந்த குழந்தைக்கு அது பெரிய பாதுகாப்பும்கூட. யார் எதைச் சொன்னாலும் கீழ்ப்படியப் பழக்கிய குழந்தை, தவறான ஆள் சொன்னாலும் கீழ்ப்படியும். பெற்றோர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் குழந்தைக்குத் தெரபி நடக்கிறது என்றால், எந்த ஊராக இருந்தாலும் அடுத்த சந்திப்பில் திட்டத் தாளை வாங்கிப் படியுங்கள். நிறம், எண், உடல் உறுப்பு என்று வரிசையாக இலக்குகள் இருக்கும். அவற்றோடு 'வேண்டாம்', 'போதும்', 'உதவி' மூன்றையும் சொல்ல ஒரு வழி, பேச்சாலோ அட்டையாலோ சைகையாலோ, இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் முதலில் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பாடம் நடக்கும் அறைக்குள் உட்கார்ந்து பார்க்க உங்களை விடாத இடத்தில் குழந்தையை விட்டுவிட்டு வராதீர்கள்.