தடுப்பூசியும் மருந்துக்கடையும்: மலையூர் வணிகர் கவனத்திற்கு

கொடைக்கானலிலும் பழனி மலையின் மற்ற ஊர்களிலும் மருந்துக்கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "ஊசியை நீங்களே போட்டு விட்டுடுங்கண்ணே" என்பதுதான் அது. பூம்பாறைப் பூண்டுத் தோட்டத்தில் அரிவாள் பட்டவருக்கு டி.டி. ஊசி வேண்டும். தூண் பாறையில் குரங்கிடம் கடிபட்ட சுற்றுலாப் பயணிக்கு வெறிநாய்க்கடி ஊசி வேண்டும். மன்னவனூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர், திரும்பும் பஸ்ஸைத் தவறவிடக்கூடாதே என்ற அவசரத்தில் இருக்கிறார். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க அவருக்கு நேரம் இல்லை. கடைக்காரரோ தெரிந்த முகம்.

இதில் நாம் செய்யத்தக்கது எது, செய்யக்கூடாதது எது என்று தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

தடுப்பூசியும் சீரமும் மருந்துச் சட்டத்தில் 'சி' அட்டவணைச் சரக்கு. சில்லறைக் கடைக்கு 21-ஆம் படிவத்திலும், மொத்தக் கடைக்கு 21-பி படிவத்திலும் உரிமம் இருந்தால்தான் இவற்றைக் கையாளலாம். இந்த உரிமங்கள் சரக்கை இருப்பு வைக்கவும் விற்கவும் தரப்படுபவை. ஊசி போடும் அதிகாரம் அவற்றில் இல்லை. கடையில் மருந்தாளுநர் படித்தவரே இருந்தாலும் இதுதான் நிலை. பையன்கள் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மேனாடுகளில் மருந்துக்கடையிலேயே போடுகிறார்களே என்று நம் உறுப்பினர் சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். அமெரிக்காவில் 1994-ல் வாஷிங்டன் மாநிலத்தில் மருந்தாளுநர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்துத் தொடங்கினார்கள். 2009-க்குள் 50 மாநிலங்களும் அனுமதித்துவிட்டன. இங்கிலாந்தில் 2015 முதல் ஃப்ளூ தடுப்பூசியை அரசுச் செலவிலேயே மருந்துக்கடைகளில் போடுகிறார்கள். ஆனால் அங்கே முதலில் விதி வந்தது, பயிற்சி வந்தது, தனி அறை வந்தது. போட்டதும் ஒவ்வாமையால் ஒருவர் மயங்கி விழுந்தால் உடனே கொடுக்க அட்ரினலின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதன் பிறகுதான் ஊசி வந்தது. நம் நாட்டிலும் கொரோனா சமயத்தில், 2020 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நடைமுறையில், தடுப்பூசி போடத் தகுதியுள்ளோர் பட்டியலில் டாக்டர், நர்ஸ் ஆகியோருடன் மருந்தாளுநரையும் சேர்த்திருந்தார்கள். அது முகாமில் ஒரு குழுவோடு இருந்து செய்யும் பணி, கடைக்குள் செய்வதல்ல. 2022 ஜனவரியில் கோவிஷீல்டுக்கும் கோவாக்சினுக்கும் சந்தை அனுமதி கிடைத்தபோதுகூட, மருந்துக்கடையில் விற்பனை கிடையாது, மருத்துவமனைகளுக்கு மட்டுமே என்றுதான் வைத்தார்கள். மருந்தாளுநரின் படிப்பை இவ்வளவு குறைவாக மதிப்பது சரியா என்ற வருத்தம் நமக்கும் உண்டு. விதி மாறும்வரை விதிப்படிதான் நடக்க வேண்டும்.

சட்டத்தை விடவும் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கடித்த இடத்தில் ஆழமாகப் பல் இறங்கி ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் செலுத்த வேண்டும். தடுப்பூசி உடம்பில் வேலை செய்யத் தொடங்கச் சில நாட்கள் ஆகும். அதுவரை காப்பது இதுதான். இதை டாக்டர்தான் பார்த்து முடிவு செய்ய முடியும். கடையில் கையில் ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டால், வேலை முடிந்தது என்று அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிவிட்டால் அதன் பிறகு பிழைப்பு என்பது அநேகமாக இல்லை.

ஆகவே கடிபட்டவர் வந்தால் முதலில் குழாயடிக்கு அனுப்புவோம். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்வோம். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த ஊசி இலவசம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு விற்பனை போகும்தான், போகட்டும்.

இனி நம் கையில் உள்ள வேலைக்கு வருவோம். அது குளிர்ச்சி. தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும் என்பது கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். சூடு பட்டால் கெடும் என்பதும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்கு மனதில் பதிவதில்லை. டி.டி., முத்தடுப்பு ஊசி, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றில் அலுமினிய உப்பு சேர்த்திருக்கிறார்கள். ஒருமுறை உறைந்தால் அந்த உப்பு திரண்டு மருந்தின் வீரியம் போய்விடும். உருகிய பின் பார்த்தால் சீசா பழையபடியே இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் ஆபத்து.

வத்தலக்குண்டில் கடை வைத்திருப்பவருக்கு வெயிலும் மின்வெட்டும் பகை. கொடைக்கானலில் மார்கழி, தை மாதங்களில் ஏரிக்கரைப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது பகை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சித்திரையில் திருகி வைத்த ஃபிரிட்ஜ் குமிழை அப்படியே விட்டிருந்தால், பனிக்காலத்தில் உள்ளே சுழியத்துக்குக் கீழே போய்விடலாம். பருவம் மாறும்போது குமிழையும் மாற்ற வேண்டும். ஒரு தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்துக் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஐஸ் அறைக்குள்ளும், அதன் அடியிலும், பின்சுவரை ஒட்டியும் ஊசி மருந்து வைக்கக்கூடாது. கதவுத் தட்டும் கூடாது. அந்த ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டும் மல்லிகைப்பூவும் இருக்கக் கண்டிருக்கிறோம். பூ எடுக்கக் கதவு எத்தனை முறை திறக்கும் என்று வீட்டில் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்!

பார்சல் விஷயத்திலும் இதே கதைதான். ஒரு டிசம்பரில் நமக்கு வந்த தெர்மோகோல் பெட்டியைத் திறந்தபோது, கல்லாக இறுகிய ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவே ஹெபடைடிஸ் சீசாக்கள் அட்டைகூட இல்லாமல் ஒட்டிக் கிடந்தன. சில சீசாக்களில் மருந்து உறைந்தே இருந்தது. குளிர்ச்சியாகத்தானே அனுப்பினோம் என்றார்கள் அனுப்பியவர்கள். சரக்கு முழுவதையும் விற்பனையிலிருந்து ஒதுக்கினோம். மாற்றுச் சரக்குக்கு மூன்று மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. ஐஸ் பாக்கெட்டை எடுத்தவுடன் அடுக்கக்கூடாது. வெளியே வைத்து, மேலே நீர் வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை பொறுத்து, பிறகு சீசாவுக்கும் அதற்கும் நடுவே அட்டை கொடுத்து அடுக்க வேண்டும். மொத்த வியாபாரிகள் பேக்கிங் பையன்களுக்கு இதைப் பழக்க வேண்டும். சில்லறைக் கடைக்காரர் பெட்டி வந்தவுடன், கையெழுத்துப் போடுமுன் திறந்து பார்க்க வேண்டும்.

சீசன் காலத்தில் இன்னொன்று நடக்கிறது. குரங்கு கடித்த வெளியூர்க்காரர் முதல் ஊசியை இங்கே போட்டுக்கொண்டு, "மிச்ச நாலையும் இப்பவே கொடுத்திடுங்க, காரில் எடுத்துப் போறோம்" என்கிறார். நாலு சீசா ஒரே பில்லில் போவது ஆசைதான். பவுடராக வரும் வெறிநாய்க்கடி மருந்து மற்றவற்றைவிடச் சற்றுத் தாங்கும் என்றாலும், காரின் கண்ணாடியோரம் மதுரை வெயிலில் கிடந்த மருந்துக்கு யார் பொறுப்பு? ஆகவே கொடுப்பதில்லை. ஒவ்வொரு ஊசியையும் போடும் ஊரிலேயே வாங்கச் சொல்லி, ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். மருந்தின் பெயர், பாட்ச் எண், போட்ட தேதி, அடுத்து வரவேண்டிய தேதிகள் எல்லாம் அதில் இருக்கும். தசையில் போடும் முறையானால் முதல் நாளிலிருந்து கணக்கிட்டு 3, 7, 14, 28-ஆம் நாட்கள். அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் முறையானால் 3, 7, 28. இரண்டு முறையும் குழம்பாமல் இருக்க, எந்த முறையில் தொடங்கியது என்பதை டாக்டரிடம் கேட்டு அந்தச் சீட்டின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.