சாலையைக் கடக்குமிடம்

நீலகிரி மாவட்டத்தில், கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் பந்தலூருக்குச் செல்லும் சாலையில் தேவாலா என்னும் ஊர் உள்ளது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இவ்வூரில் தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பொழியும்; மழை ஓய்ந்த வேளையில் மூடுபனி கவியும். சாலையோ வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலை. தோட்டத் தொழிலாளரும் பள்ளிச் சிறுவரும் இத்தகைய சாலைகளை நாள்தோறும் கடந்தாக வேண்டும். 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிர் நீத்தவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஆதலின், பாதசாரிகள் கடக்குமிடத்தை எங்கே அமைப்பது என்பது உயிரைப் பற்றிய வினாவாகும்.

கடக்குமிடத்திற்கு முதலில் வேண்டுவது தெளிவான பார்வை. ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையை, விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் கடக்க ஏறத்தாழ 6 விநாடி ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 66 மீட்டர் ஓடிவிடும். எனவே, கடப்பவர் கண்ணுக்கு இருபுறமும் அத்தொலைவேனும் புலப்படுதல் வேண்டும். ஓட்டுநர் நிலையும் அத்தகையதே. அவர் ஆளைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்குப் பொறியாளர் 2.5 விநாடி கணக்கிடுவர். அதற்குள் அவ்வண்டி 28 மீட்டர் கடந்திருக்கும். நிற்பதற்குள் மொத்தம் 45 மீட்டர் ஆகிவிடும். இறக்கமாயின் இத்தொலைவு இன்னும் மிகும். ஆகவே, வளைவும், மேட்டின் உச்சியும், நிற்கும் பேருந்தின் மறைவும் கடப்பதற்கு ஏற்றவை அல்ல.

இரண்டாவதாக வேண்டுவது மக்கள் நடையின் இயல்பை அறிதல். மலைக்காட்டு யானைகள் வழிவழியாகத் தாம் நடந்த தடத்தை எளிதில் விடுவதில்லை. குறுக்கே சாலை வந்தாலும் அங்கேயே கடக்க முயலும். மக்களும் அவ்வாறே நேர்வழியை நாடுவர். நூறு அடி சுற்றிச் செல்ல வேண்டிய கடக்குமிடமும், படியேற வேண்டிய பாலமும் பெரும்பாலும் ஆளின்றிக் கிடத்தல் கண்கூடு. எனவே, வண்ணம் தீட்டுமுன் காலையும் மாலையும் நின்று, மக்கள் எங்கே கடக்கின்றனர் என்று காண்பதே முறை. அவ்விடம் வளைவாக இருப்பின் என் செய்வது? பேருந்து நிறுத்தத்தைச் சற்று நகர்த்தினால், மக்கள் நடையும் அதனுடன் நகரும். மக்களின் வழக்கத்தை மாற்றுவதினும் நிறுத்தத்தை மாற்றுதல் எளிது.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒரு மணி நேரத்தில் கடப்போர் தொகையை, அந்நேரத்தில் செல்லும் வண்டிகளின் தொகையால் இருமுறை பெருக்கிப் பார்க்கும் முறையை இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988 ஆம் ஆண்டு வழிகாட்டியில் கூறியது. நடுத்திட்டு இல்லாத சாலையில் அது பத்துக் கோடியை மிஞ்சினால் கடக்குமிடம் தேவை என்பது அதன் கருத்து. முந்நூறு பேர் கடக்க, அறுநூறு வண்டிகள் செல்லுமாயின் பெருக்கம் 10.8 கோடியாகும். வண்டிகள் பெருகப் பெருக, அவற்றினிடையே கடப்பதற்குரிய இடைவெளி சுருங்குதலின் அத்தொகைக்கே சிறப்பிடம் தந்தனர். ஆயினும், சிற்றூரின் பள்ளி வாயிலில் இக்கணக்கு நிறைவுறாமலே போகலாம். அங்குக் கடப்போர் சிறுவர் என்பதே போதிய காரணமன்றோ?

அமைத்த இடம் ஓட்டுநர் கண்ணில் படவும் வேண்டும். இங்கிலாந்தில் 1934 இல் மஞ்சள் உருண்டைகளைத் தாங்கிய கம்பங்களை நட்டுக் கடக்குமிடத்தைக் காட்டினர். பின்னர் 1951 இல், தொலைவிலும் எளிதில் தெரியும் பொருட்டு, வரிக்குதிரையின் உடல்போல் கறுப்பு வெள்ளைக் கோடுகளைத் தீட்டினர். மழை மிகுந்த மலையூரில் அக்கோடுகளை அடிக்கடி புதுப்பித்தலும் விளக்கு அமைத்தலும் இன்றியமையாதவை.

சைகை விளக்கில்லாத கடக்குமிடத்தை அணுகும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்போர்க்கு வழிவிடல் வேண்டும் என 2017 ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டும் விதிகள் விதிக்கின்றன. தக்க இடத்தைத் தேர்தல் ஊராரின் கடமை. அங்கு நிற்றல் ஓட்டுநரின் கடமை. அவ்விடத்திலேயே, இருபுறமும் நோக்கிக் கடத்தல் நடப்போரின் கடமை. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றிச் சாலையில் உயிருக்குக் காவல் இல்லை.