காடும் கரிமக் கணக்கும்

கிழக்கேகோட்டையில் பேருந்தைவிட்டு இறங்கிச் சாலைக் கடைவீதிக்குள் நுழைவோர், எங்கும் தராசுகளைக் காண்பர். அரிசிக்கு ஒரு தராசு. மிளகுக்கு ஒரு தராசு. வெட்டிய மரத்தையும் அளந்து விலை கூறலாம். ஆனால், வெட்டாமல் நிற்கின்ற மரத்துக்கு விலை உண்டா? உண்டு என்கிறது இன்றைய உலகம். 'கார்பன் கிரெடிட்' என்பது அதன் பெயர்; தமிழில் 'கரிம வரவு' எனலாம். இவ்வாணிகத்தால் வெப்பமண்டலக் காடுகளைக் காக்க இயலுமா, அதற்கு எத்தகைய தராசு வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

காடு பேணல்

காட்டைப் பேணுதல் என்பது காட்டைப் பூட்டி வைத்தல் அன்று. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் குடும்பத்தலைவனைப் போல, ஆண்டுதோறும் வளர்வதற்கு மேல் எடுக்காமல் இருப்பதே அதன் இலக்கணம். விறகும் தேனும் மூலிகையும் அளவோடு எடுக்கலாம். தீயைத் தடுக்க வேண்டும். தானாக முளைக்கும் கன்றுகளைக் காக்க வேண்டும். இவற்றுக்கு ஆள் வேண்டும்; ஆளுக்குக் கூலி வேண்டும். அக்கூலியைத் தருவது யார்? இதுவே நம்முன் நிற்கும் வினா.

கணக்கு எப்படி?

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, அதிலுள்ள கரிமத்தைத் தன் உடலாக்கிக் கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 47 விழுக்காடு கரிமமே. 12 பங்கு கரிமம் எரிந்தால் 44 பங்கு கரியமில வாயு உண்டாகும் என்பது வேதியியல் மாணவர் அறிந்ததே. எனவே, ஒரு டன் உலர்ந்த மரம் முற்றிலும் எரிந்தால் சுமார் 1.7 டன் வாயு காற்றில் கலக்கும். ஒரு டன் வாயு காற்றில் சேராமல் தடுத்தாலும், காற்றிலிருந்து ஒரு டன்னை ஈர்த்தாலும், அது ஒரு கரிம வரவு. தம் புகையைக் குறைக்க இயலாத, அல்லது குறைக்க விரும்பாத நிறுவனங்கள் அதனை விலைக்கு வாங்குகின்றன.

தடுத்ததை அளப்பதில்தான் சிக்கல். கற்பனையாக ஓர் ஊர்க்காடு 1,000 ஹெக்டேர் என்று கொள்வோம். காவல் இல்லாவிடில் ஓராண்டில் 20 ஹெக்டேர் அழியும். காவலால் 5 மட்டுமே அழிந்தது. காக்கப்பட்டது 15. ஹெக்டேருக்கு 400 டன் வீதம் 6,000 வரவு. ஆனால், "காவல் இல்லாவிடில் 40 ஹெக்டேர் அழிந்திருக்கும்" என்று ஏட்டில் எழுதிவிட்டால்? காக்கப்பட்டது 35 ஆகிறது; வரவு 14,000 ஆகிறது! காட்டில் ஒரு கன்றும் கூடவில்லை. ஏட்டிலோ 8,000 வரவு கூடிவிட்டது. அந்த 8,000-ஐ வாங்கிய ஆலை, அதைக் காட்டி 8,000 டன் வாயுவை உண்மையாகவே வெளியிடும். பொய்த் தராசு அரிசிக் கடையில் ஒருவரைத்தான் ஏய்க்கும். இங்கோ உலகையே ஏய்க்கும்.

ஆகவே, எந்தத் திட்டத்தையும் மூன்று வினாக்களால் சோதிக்க வேண்டும். ஒன்று: இப்பணம் இல்லாவிடில் காடு உண்மையில் அழிந்திருக்குமா? இரண்டு: இங்கே நின்ற கோடரி பக்கத்து மலைக்குப் போய்விட்டதா? மூன்று: இன்று காத்த மரம் நாளை தீயிலோ வெட்டிலோ போகாது என்பதற்கு உறுதி என்ன?

வந்த வழி

1997-இல் உருவான கியோட்டோ உடன்படிக்கையின் வாணிக முறையில், வளரும் நாடுகள் புதிதாக மரம் வளர்த்தால் மட்டுமே வரவு கிடைத்தது. இருக்கும் காட்டைக் காத்ததற்கு இல்லை. 2005-இல் மான்ட்ரியலில் கூடிய மாநாட்டில் பாப்புவா நியூகினியும் கோஸ்டாரிக்காவும் இக்குறையை எடுத்துரைத்தன. 2007-இல் பாலித் தீவிலும் 2013-இல் வார்சாவிலும் நடந்த மாநாடுகள் இக்கருத்துக்கு வடிவம் தந்தன. 'ரெட் பிளஸ்' என்பது இம்முறையின் பெயர்.

முறை பரவியது, குறையும் வெளிப்பட்டது. ஆறு நாடுகளிலுள்ள 26 திட்டங்களை ஆராய்ந்து 2023-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, அவற்றுள் பெரும்பாலானவை காட்டழிவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று கண்டது. மேலே நாம் போட்ட கணக்கு வெறுங் கற்பனை அன்று என்பது இதனால் விளங்கும்.

காசி மலையின் பாடம்

அப்படியாயின் இம்முறையையே கைவிட வேண்டுமா? அதற்குமுன் மேகாலயத்தைச் சற்று நோக்குவோம். அங்குள்ள காசி மலையில் (இது கங்கைக் கரைக் காசி அன்று) மாப்லாங் என்னும் ஊரில் ஒரு தெய்வக் காடு உண்டு. அதிலிருந்து ஓர் இலையையும் வெளியே எடுத்துச் செல்லலாகாது என்பது வழக்கு. நம் கோயில்காடுகளையும் கேரளத்துக் காவுகளையும் அறிந்தவர்க்கு இது புதிதன்று. அவ்வூரைச் சூழ்ந்த பகுதியில், 'ஹிமா' எனப்படும் பழைய சிற்றாட்சிகள் பத்து ஒன்றுகூடி, ஏறத்தாழ 27,000 ஹெக்டேர் பரப்பில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. காட்டுத்தீ, விறகு, கரி சுடுதல், மேய்ச்சல், கல் உடைத்தல் ஆகியவையே அங்குக் காட்டின் பகைகள். தீத்தடுப்புக் கோடுகள் வெட்டினர். விறகு குறைவாகக் கொள்ளும் அடுப்புகள் தந்தனர். தானே தழைக்கும் கன்றுகளைக் காத்தனர். 2013-இல் 'பிளான் விவோ' என்னும் அமைப்பின் சான்று பெற்று வரவுகளை விற்றனர். இந்தியாவின் முதல் ரெட் பிளஸ் திட்டம் என இதனைக் கூறுவர்.

இங்கு நாம் காண வேண்டியது யாது? மேகாலயத்தில் காடு பெரும்பாலும் ஊராருக்கே உரியது. காப்பவரும் உடையவரும் பணம் பெறுபவரும் ஒருவரே.

நம் அருகில்

இவ்வுரிமை இல்லாவிடில் என்னாகும் என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டா. அகத்தியமலைக் காட்டில் வாழும் காணிக்காரர், 1987-இல் 'ஆரோக்கியப்பச்சை' என்னும் மூலிகையை ஆய்வாளருக்குக் காட்டினர். பாலோட்டுத் தாவர ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, வருவாயில் பாதியைக் காணிக்காரருக்கு அளிக்க முன்வந்தது. உலகம் போற்றிய ஏற்பாடு இது. ஆயினும், மூலிகை விளைவது அரசுக் காட்டில். அதைப் பயிரிட்டுப் பறித்து விற்க வனத்துறையின் இசைவு எளிதில் கிட்டவில்லை. பங்கு உண்டு, காட்டின்மேல் உரிமை இல்லை என்றால், பங்கும் மெலிந்துவிடும்.

வயநாட்டு மீனங்காடி ஊராட்சி வேறொரு வழியைக் காட்டுகிறது. 2016-இல் கரிமச் சமநிலையை நோக்கிப் புறப்பட்ட அவ்வூரில், மாநில அரசு 10 கோடி ரூபாயைக் கூட்டுறவு வங்கியில் இட்டது. உழவர் தம் நிலத்து மரத்தை ஈடாக வைத்தால், மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் பத்து ஆண்டுகளுக்கு வட்டியில்லாக் கடன். மரத்தை வெட்டினால் கடனைத் திருப்ப வேண்டும். இது காடும் அன்று, கரிமச் சந்தையும் அன்று. ஆயினும், "நாளைக்கு உறுதி என்ன?" என்ற மூன்றாம் வினாவுக்கு இதில் எளிய விடை இருக்கிறது. கண்ணால் எண்ணக்கூடிய மரத்துக்குப் பொய்க்கணக்கு எழுதுவதும் கடினம்.

முடிவாக

கரிம வரவு காட்டின் விலை அன்று. காட்டைக் காப்பவரின் கூலி. கூலி உரியவர் கைக்குச் செல்ல வேண்டுமாயின், முதலில் அவர் உரிமை நிலைபெற வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அவ்வுரிமையை வழங்கியுள்ளது. அது ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. நம் நாட்டிலும் 2023-இல் கரிம வரவு வாணிகத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டுவிட்டன. இனிக் கணக்கர் பலர் தேவைப்படுவர். வேதியியல் கற்போர் மரத்தை அளப்பர். பொருளியல் கற்போர் அடிக்கணக்கைச் சோதிப்பர். சட்டம் கற்போர் உரிமையைக் காப்பர். மாணவ நண்பர்களே, அத்தராசு நம் கைக்கு வரும் நாளில் அதன் முள் சாயாமல் நிற்கட்டும்!