மலை ரயிலுக்குக் கட்டுச்சோறு

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர். காலை 7.10-க்குக் கிளம்பும் நீலகிரி மலை ரயில் அதை ஏறி முடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டுதான் எஞ்சின் குன்னூர் வரை நகர்கிறது. காலைப் பலகாரம் வழியில், மதியச் சாப்பாடு மலைமேல். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், எவர்சில்வர் பாட்டிலும் வாழையிலைப் பொட்டலமுமே இந்தப் பயணத்துக்குப் பொருத்தம்.

நான்கு பேருக்குப் புளியோதரை செய்ய 400 கிராம் அரிசி, எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை புளி, 100 மில்லி நல்லெண்ணெய் போதும். புளிக்காய்ச்சலை முதல்நாள் மாலையே செய்துவிட வேண்டும். புளியைச் சுடுநீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைக்கவும். எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, ஆறேழு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கரைசலை ஊற்ற வேண்டும். அடுப்பைச் சிறிதாக வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால், பச்சை வாசனை போய், குழம்பு சுண்டி, ஓரமெல்லாம் எண்ணெய் பிரிந்து நிற்கும். அதுதான் பக்குவம்; அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கினால் தண்ணீர்ச் சத்து தங்கி, சோறு சீக்கிரம் கெடும். கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி மல்லி, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு தேக்கரண்டி எள், நான்கு மிளகாய் ஆகியவற்றை வறுத்துப் பொடித்துத் தூவி, சிறு துண்டு வெல்லம் போட்டு இறக்கவும். வேர்க்கடலையை அதில் கொதிக்கவிட்டால் நமுத்துப்போகும். தனியே வறுத்து வைத்து, காலையில் கலப்பதே நல்லது. வறுத்துப் பொடித்துத் தூவியதன் மணத்தைக் கடையில் விற்கும் பொடி ஒருநாளும் தராது.

விடிகாலையில் சோற்றை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். சூடாகக் கட்டினால் ஆவி இலைக்குள் வியர்த்து, சோறு நசநசத்துவிடும். வேகவைத்தும் சாகாத சில கிருமி வித்துகள் சோற்றில் உண்டு. வெதுவெதுப்பான ஈரம் கிடைத்தால் அவை பெருகும். அவற்றை அடக்கிவைப்பது புளியின் அமிலமும் உப்பும்தான். ஆகவே புளிக்காய்ச்சலைத் தாராளமாகப் போட்டு, ஒரு பருக்கையும் வெள்ளையாகத் தெரியாதபடி பிசற வேண்டும். தேங்காய் கூடவே கூடாது.

வழியில் சாப்பிட, இட்லியின் இருபுறமும் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவி எடுத்துக்கொள்ளலாம். தயிர்சாதத்துக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு: குழைந்த சோற்றில் காய்ச்சிய பாலை வெதுவெதுப்பாக ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்தால், மதியத்துக்குள் தானே உறையும். மலைக்குளிரில் உறைவது தாமதமாகும் என்பதால் தயிரைச் சற்றே கூட்டலாம்.

வாழையிலையின் தண்டைச் சீவி, தணலில் இரு பக்கமும் காட்டினால் கரும்பச்சையாக மாறித் துவளும்; பிறகு மடித்தாலும் கிழியாது. பளபளப்பான பக்கத்தில் சோற்றை வைத்து மடித்து, நனைத்த வாழைநாரால் கட்டவும். பொட்டலங்களை மூடியுள்ள தூக்கிலோ கூடையிலோ வைப்பது அவசியம். ஹில்குரோவ் போன்ற நிறுத்தங்களில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும்போது குரங்குகள் சன்னலருகே வந்துவிடும். அவற்றுக்கு ஒரு பிடிகூடப் போடலாகாது. போட்டால் காட்டுத் தீனியை விட்டுத் தண்டவாளத்திலேயே காத்திருக்கப் பழகிவிடும்.

உதகையில் இறங்கியதும் முதலில் தயிர்சாதத்தை முடித்துவிட வேண்டும். புளியோதரை இரவு வரை தாங்கும். மணம் மாறினாலோ பிசுபிசுத்தாலோ தயங்காமல் கொட்டிவிடலாம். இலைகளை மட்கும் குப்பைத்தொட்டியில் போட்டு, தூக்கைக் கழுவிக்கொண்டால் திரும்பும் பயணத்துக்கு அதுவே பழக்கூடை ஆகும்.