கால்பந்து வீரர்களைச் சந்திக்கப் போகிறீர்களா?

சென்னையின் எஃப்சி வீரர்களோடு ரசிகர்கள் கூடும் மாலைக்குத் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்திலிருந்து கிளம்புவோர் கவனத்துக்கு:

● நிகழ்ச்சி நேரு விளையாட்டரங்கம் பக்கம் என்றால், மின்சார ரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்கலாம். திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள்.

● ஜெர்சியில் கையெழுத்து வாங்க அழியாத மார்க்கர் பேனா வேண்டும். துணிக்குள் அட்டை வைத்தால் மை பின்பக்கம் ஊறாது.

● கேள்வி ஒன்றே போதும், குறிப்பாகக் கேளுங்கள். 2015இல் கோவாவையும் 2018இல் பெங்களூருவையும் 3–2 என வென்ற இறுதிப் போட்டிகளில் ஆடியவரிடம் அந்தக் கடைசி நிமிடங்களைப் பற்றிக் கேட்கலாம்.

● பயிற்சி, சாப்பாடு, தூக்கம் பற்றி இன்றைய வீரரிடம் உங்கள் பிள்ளையே கேட்கட்டும்.

● கூட்டம் இளம் வீரர்களை மொய்க்கும்போது, முன்னாள் வீரரிடம் போய் நன்றி சொல்லுங்கள். கோப்பைகளை வென்று தந்தவர்கள் அவர்கள்.